வாசலைப் பார்த்த செருப்புகள்

அந்த வியாழக்கிழமை வாசலில் நாற்பத்தொரு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. நாற்பதைத் திருப்பி வைத்துவிட்டேன். நாற்பத்தொன்றாவது ஜோடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். கை போகவில்லை.

பழுப்பு நிறத் தோல் செருப்பு. இடது செருப்பில் குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருந்தது. கிளட்ச் மிதிக்கிற கால். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன் செருப்பு என்பதற்கு அத்தாட்சியாக வாரெல்லாம் வெள்ளைப் புழுதி. அதைக் கழற்றிவிட்டு உள்ளே போனவன் என் கூடப் பிறந்த தம்பி யூசுப். எட்டொன்பது வருஷமாக நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

உள்ளே திக்ர் நடந்துகொண்டிருந்தது. இறைவன் பெயரை ஒரே மூச்சாய்ச் சேர்ந்து சொல்கிற சத்தம். அதில் அவன் குரலும் ஒன்று. வெளியே நான், அவன் செருப்பை முறைத்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் விசில் ஊதிய டைம் கீப்பர், செருப்புக்கு முன்னால் எப்படி வந்து உட்கார்ந்தான் என்று கேட்பீர்கள். சென்ற வாரம் இந்தத் தொடரை என் பணி ஓய்வு விழா மாலையோடு நிறுத்தியிருந்தேன். அந்த மாலை வாடுவதற்குள் வீட்டில் ரகளை ஆரம்பித்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் ஒரு டைம் கீப்பர்

ஓய்வு பெற்றவன் சும்மா இருக்க வேண்டும். எனக்குச் சும்மா இருக்க வராது. பால்காரர் வருகிற நேரத்தைக் காலண்டரில் குறிக்க ஆரம்பித்தேன். குக்கர் எத்தனையாவது நிமிஷத்தில் விசில் அடிக்கிறது என்று பார்த்தேன். ஒருநாள் காலையில், "இட்லி ஏழு நிமிஷம் லேட்டு" என்று சமையல்கட்டைப் பார்த்துச் சொன்னேன்.

என் மனைவி மும்தாஜ் கரண்டியோடு வெளியே வந்தாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாதபோதுதான் நான் பயப்படுவது வழக்கம்.

"உங்களுக்குப் பிரஷர் ஏறுதுன்னு டாக்டர் சொன்னாரு. அது உங்களுக்கு ஏறல. எனக்குத்தான் ஏறுது. எங்கயாச்சும் போங்க. வாரத்துல ஒரு நாளாவது எங்கயாச்சும் போங்க."

அந்த வாரமே வீட்டு போர் மோட்டார் புகைந்துபோனது. "துறையூர் ரோட்டுல ஒருத்தரு நல்லா காயில் கட்டுவாராம், எடுத்துட்டுப் போங்க" என்றாள். மோட்டாரோடு சேர்த்து என்னையும் ரிப்பேருக்கு அனுப்புகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கடைக்காரரின் மனைவியிடம் என் விஷயத்தை அவள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தாள்.

கடையில் ஒரே வார்னிஷ் வாசனை. வெங்காயக் காட்டுக்கும் சோளக் காட்டுக்கும் தண்ணீர் இறைத்துக் களைத்த மோட்டார்கள் குடல் வெளியே தெரியக் கிடந்தன. கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கலாம். விரலெல்லாம் செம்புக் கம்பி கிழித்த கோடு. என் மோட்டாரைத் திறந்து பார்த்தார்.

"எப்பக் கிடைக்கும்?" என்றேன்.

"நாளைக்கு வாங்க."

"நாளைக்கு எத்தனை மணிக்கு?"

அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். "தண்ணி இல்லாமயே ரொம்ப நேரம் ஓடியிருக்குங்க. அதான் உள்ள சூடாகிக் காயில் கருகியிருக்கு. வெளிய பாத்தா நல்லாத்தான் தெரியுது."

"டாக்டரும் அதேதான் சொன்னாரு" என்றேன் நான்.

"நான் மோட்டாரைச் சொன்னேங்க" என்றார் அவர்.

பக்கத்தில் வேப்பந்தட்டைக்காரர் ஒருவர் தன் மோட்டாருக்காக உட்கார்ந்திருந்தார். அவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ரூட் வேறு, ஊர் ஒன்று

அந்தக் காயில் கட்டுகிறவர்தான் ஷெய்கு, அதாவது சூஃபி வழியில் நடத்திக் கூட்டிப்போகிறவர். ஊரில் எல்லோரும் அவரை ஹஜ்ரத் என்பார்கள். கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கூடம். வியாழன்தோறும் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அங்கே திக்ர் வட்டம் கூடும். பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகையோடு முடியும். அரியலூர், ஆண்டிமடம், வேப்பந்தட்டை என்று நாலா பக்கமும் இருந்து பஸ் பிடித்து வருவார்கள். ஹஜ்ரத் என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். எனக்கு அதுவே முதல் இடறல். நான் டிராயர் போட்ட பையனாகப் பார்த்திருக்க வேண்டிய ஆளிடம் போய்க் கைகட்டி நிற்பதா?

நான் அங்கே போகிறேன் என்று தெரிந்ததும் பழைய கண்டக்டர் கலியமூர்த்தி என்னை வழிமறித்தார். "என்ன பாய், பேய் ஓட்டுற கோஷ்டியில சேந்துட்டீங்களாமே?"

"பேயெல்லாம் இல்லைய்யா. தொழுகை, நோன்பு எல்லாம் எல்லாருக்கும் உள்ளதுதான். அதை உடம்பு மட்டும் செஞ்சா போதுமா, மனசும் செய்யணுமில்ல. மனசுக்குப் பயிற்சி குடுக்குற வழி இது."

"ஒரே வழியா?"

"காதிரியா, சிஷ்தியா, ஷாதுலியான்னு நிறைய இருக்கு. ஒரே ஊருக்கு லால்குடி வழியா ஒரு பஸ், துறையூர் வழியா ஒரு பஸ் போவல? அது மாதிரி."

"சரி, நீங்க எந்த பஸ்ல ஏறியிருக்கீங்க?"

"இன்னும் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன்" என்றேன். விளையாட்டாகச் சொன்னது. ஆனால் அதுதான் உண்மை என்று பிறகு தெரிந்தது.

வளைகுடாவில் வேலை செய்யும் என் மகனுக்கு இது பிடிக்கவில்லை. "இதெல்லாம் தேவையா அத்தா?" என்று வாட்ஸப்பில் குரல் பதிவுகளாக அனுப்பினான். ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம். அவனுக்கும் எனக்கும் இந்த விஷயத்தில் இன்றுவரை ஒத்துப்போனதில்லை. நான் பதிலுக்கு அவன் அம்மாவின் இட்லிப் படத்தை அனுப்புவேன்.

முதல் நாள் வட்டத்தில் உட்கார்ந்தபோது கண்ணை மூடச் சொன்னார்கள். மூடினேன். எல்லோரும் லா இலாஹ இல்லல்லாஹ் என்று மெதுவாய் ஆரம்பித்தார்கள். நெஞ்சிலிருந்து எழுந்து தோள் வழியாகப் போய் மறுபடி நெஞ்சில் வந்து விழுகிற மாதிரி ஒரு தாளம். பத்து நிமிஷம் ஆகியிருக்கும் என்று தோன்றியதும் ஒற்றைக் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தேன். கடிகாரம் இருந்தது. முள் நின்றுபோயிருந்தது. எதிரே ஹஜ்ரத்தும் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட்டரியைக் கழற்றியது அவர்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்காகவே கழற்றினாரா என்று கேட்கும் தைரியம் வரவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று கடைசிக் கால் மணி நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்தில் என் கணக்கில் வராமல் போன முதல் கால் மணி நேரம் அது. வீட்டுக்கு வரும்போது மனசு அவ்வளவு லேசாக இருந்தது.

செருப்பு ஸ்டாண்டு

ஆறேழு வாரம் கழித்து ஹஜ்ரத்தின் கையில் கை வைத்து உறுதிமொழி கொடுத்தேன். பைஅத் என்பார்கள். அன்றிலிருந்து நான் முரீது, வழியில் சேர்ந்தவன். இனி எனக்கென்று தனியாக ஏதாவது ஓதக் கொடுப்பார், இரகசியமாக ஏதாவது சொல்வார் என்று காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

"சாதிக் பாய், நீங்க வாசல்ல செருப்பப் பாத்துக்குங்க" என்றார்.

"யாரும் எடுத்துட்டுப் போயிடாமலா?"

"திருப்பி வைக்கணும்."

இந்த வட்டங்களில் அது பழைய வழக்கம். உள்ளே வருகிறவர் செருப்பைக் கழற்றினால் அது உள்பக்கம் பார்த்துக் கிடக்கும். ஒருவர் அதையெல்லாம் எடுத்து வெளியே பார்த்துத் திருப்பி வைப்பார். போகிறவர் குனியாமல் திரும்பாமல் கால் நுழைத்துப் போகலாம். வேறொன்றுமில்லை. நம்முள்ளே எந்நேரமும் 'நான், நான்' என்று ஒன்று கத்திக்கொண்டிருக்கிறதே, அதற்கு நஃப்ஸ் என்று பெயர். அதன் வாயை அடைக்கிற வேலை இது.

முதல் வாரம் எனக்கு அவமானமாக இருந்தது. நம் ஊரில் செருப்பைத் தொடுகிற கையை என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது வாரம் பழகியது. மூன்றாவது வாரம்தான் வினை. எனக்கு வேலை பிடித்துப்போனது.

நாற்பது வண்டிகள் வந்து நிற்கிற இடத்தில் ஒழுங்கு வேண்டாமா? சாக்பீஸ் வாங்கிவந்து தரையில் கோடு போட்டேன். அரியலூர் ஒரு வரிசை, ஆண்டிமடம் ஒரு வரிசை, வேப்பந்தட்டை ஒரு வரிசை, உள்ளூர் கடைசி. சீக்கிரம் போகிறவர்கள் செருப்பு முன்னால், மெதுவாய்ப் போகிறவர்கள் பின்னால். எல்லாம் வாசலைப் பார்த்து, புறப்படத் தயாராய். பார்க்க அவ்வளவு அழகு.

ஒரு வியாழன் ஆண்டிமடத்து முந்திரித் தோப்புக்காரர் ஒருவர் தாமதமாக வந்து அரியலூர் வரிசையில் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். பழக்க தோஷம். என்னையறியாமல் பஸ் ஸ்டாண்டுக் குரல் வந்துவிட்டது.

"ஆண்டிமடம் இங்க எதுக்கு நிக்குது? எடு, எடு, பின்னால எடு."

உள்ளே திக்ர் நின்றுபோனது. நாற்பது தலைகள் வாசல் பக்கம் திரும்பின. ஹஜ்ரத் எழுந்து வந்தார். சாக்பீஸ் கோடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். முகத்தில் கோபமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"நஃப்ஸ வாசல்லயே கழட்டி விட்டுட்டு வாங்கன்னு நான் சொன்னா, சாதிக் பாய் அதுக்கு ஒரு பஸ் ஸ்டாண்டே கட்டிக் குடுத்துட்டாருப்பா."

அன்று சாயங்காலம் ஈரத்துணியால் கோடுகளை அழித்தேன். ஆனால் வந்து போகிறவர்கள் பழகிவிட்டார்கள். கோடு இல்லாமலே ஆண்டிமடம் ஆண்டிமடத்தில்தான் நின்றது. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இதை ஹஜ்ரத்திடம் சொல்லவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லி வைக்கிறேன். என் செருப்பு விளக்குமாற்றுக்குப் பின்னால் கிடக்கும். முதலில் வருகிறவனும் கடைசியில் போகிறவனும் நான்தான். அதனால் அது எப்போதும் சுவரைப் பார்த்தே கிடக்கும். அதைத் திருப்ப ஆள் கிடையாது. எனக்கு அது தோன்றியதும் இல்லை.

நாலு நிமிஷம்

இப்போது யூசுப் கதை. நான் நல்லவனாகத் தெரியாத கதை என்பதால் இத்தனை வாரமும் தள்ளிப்போட்டு வந்தேன்.

என்னைவிட ஆறு வயது இளையவன். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் டிரைவர். வண்டியை ஸ்டாண்டுக்குள் கொண்டுவரும்போது என்னைப் பார்த்து இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அது எங்களுக்குள் சலாம். தம்பி என்பதால் அவன் வண்டியை நான் கண்டுகொள்ளாமல் விடுவதாக மற்ற டிரைவர்கள் ஜாடை பேசுவார்கள். அது எனக்குள் முள்ளாய்க் கிடந்தது.

ஒருநாள் அவன் வண்டி நேரம் தாண்டியும் நகரவில்லை. விசில் ஊதினேன். கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னான். ஒரு பெண் கைக்குழந்தையை சீட்டில் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் ஓடிவந்து ஏறுவதற்குள் நாலு நிமிஷம் ஆகிவிட்டது. நான் வண்டியின் கதவருகில் போய், பயணிகள் அத்தனை பேர் முன்னாலும், "தம்பின்னா உனக்குத் தனிச் சட்டமா?" என்று கத்தினேன். நோட்டில் எழுதினேன். முதலாளிக்கும் புகார் அனுப்பினேன். வேறு எந்த டிரைவருக்கும் நாலு நிமிஷத்துக்கு நான் புகார் எழுதியது கிடையாது.

முதலாளி அவனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். அவன் வந்து என்னிடம் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போடவில்லை. குடும்பத்தோடு அரியலூருக்குப் போய் சுண்ணாம்புக்கல் லாரியில் ஏறிவிட்டான். அதன் பிறகு எந்த வண்டியும் என்னைப் பார்த்து இரண்டு முறை ஹாரன் அடித்ததில்லை. நானாகப் போய்ப் பேசவும் இல்லை. மூத்தவன் இறங்கிப் போவதா என்ற வீம்பு.

நாங்கள் பேசாவிட்டாலும் எங்கள் மனைவிகள் பேச்சை நிறுத்தவில்லை. தினம் மத்தியானம் போன். மும்தாஜ் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவாள். நான் கேட்காத மாதிரி கேட்பேன். அப்படித்தான் தெரிந்தது, யூசுப் மகள் நஸ்ரினுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கிறது என்று. நான் தோளில் தூக்கி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் காட்டிய பிள்ளை. முதல் முதலில் அவள் படித்த எழுத்தே பஸ் போர்டுதான். அந்த நிக்காஹ்வில் பெரியத்தா இடத்தில் நான் உட்கார வேண்டும். உட்காராமல் போய்விடுவேனோ என்ற பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"பத்திரிகை அடிச்சு வந்துருச்சாம். ஆனா யாருக்கும் இன்னும் வைக்கலயாம்" என்றாள் மும்தாஜ்.

"எனக்கு வைக்கக் கூடாதுன்னுதான் யாருக்கும் வைக்காம இருக்கான்" என்றேன்.

"உங்க மூளை எந்த ரூட்ல ஓடுதுன்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்றாள் அவள்.

வெறுங்கால்

அந்த நிலைமையில்தான் அவன் திக்ர் வட்டத்துக்கு வந்தான். கையில் ஒரு மஞ்சள் பை. நான் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு கணம் அப்படியே நின்றான். தலைமுடி நரைத்திருந்தது. ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான்.

ஆரம்பத்தில் சொன்னேனே, கை போகவில்லை என்று. உண்மையான காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை வைக்காதவன் செருப்பை நான் ஏன் தொட வேண்டும் என்ற அற்பமான கோபம். நாற்பது ஜோடியும் வாசலைப் பார்த்து நின்றன. அவனுடையது மட்டும் உள்ளே பார்த்துக் கிடந்தது. வெளியே வந்தவன் அதைக் கவனித்தான். திரும்பி நின்று மாட்டிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் அவன் வெறுங்காலோடு வந்தான்.

எனக்குச் சுருக்கென்றது. நீ தொடாத செருப்பை உன் வாசலில் விடவே மாட்டேன் என்று பதில் சொல்கிறான் என்று நினைத்தேன். அதற்கடுத்த வாரமும் வெறுங்கால். வெயில் அப்படி ஒரு வெயில். நாலரை மணிக்கும் தார் ரோடு இளகிக் கிடக்கிற காலம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிஷ நடை. உள்ளே போகும்போது அவன் பாதத்தின் ஓரத்தை ஊன்றி ஊன்றி வைத்ததைப் பார்த்தேன். கொப்புளம் கண்டிருந்தது.

"எவ்வளவு திமிரு பாத்தியா. காலு வெந்தாலும் பரவால்லயாம், என்கிட்ட செருப்ப விட மாட்டானாம்" என்று வீட்டில் வந்து கொட்டினேன்.

மும்தாஜ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "மொத வாரம் நீங்க என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அவசரமாக மோட்டார் சுவிட்சைப் போடப் போக வேண்டியிருந்தது.

டீக்கடை பெஞ்சுக்கு அடியில்

நாலாவது வியாழன் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கிளம்பி, வட்டத்துக்குப் போகும் வழியில் செல்வராசு கடையில் டீ குடிக்க உட்கார்ந்தேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் இருக்கிற கடை. முப்பது வருஷமாக என் டீ அங்கேதான். கிளாஸைக் கீழே வைக்கக் குனிந்தபோது பெஞ்சுக்கு அடியில் அதைப் பார்த்தேன். பழுப்புத் தோல். இடது குதிகால் தேய்ந்தது.

"இது இங்க எப்பிடி வந்துச்சு?"

செல்வராசு பாய்லரைத் துடைத்தபடி சொன்னார். "உங்க தம்பிதான் பாய். வியாழக்கெழம பஸ்ஸ விட்டு எறங்கினதும் கழட்டி வச்சுட்டு நடந்து போவாரு. திரும்பி வந்து போட்டுட்டுப் போவாரு. இப்பத்தான் போனாரு. வெயில்ல ஏன்யா இப்பிடின்னு நானும் கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"அங்க அண்ணந்தான் எல்லார் செருப்பையும் திருப்பி வைக்கிறாரு, என் செருப்ப அவரு கையால தொடலாமா, அது எனக்குப் பாவமில்லயான்னாரு. மொத வாரம் தெரியாம விட்டுட்டாராம். அண்ணன் அத மட்டும் தொடாம வச்சிருந்தாராம். அதான முறை, நான் புத்தியில்லாம அவருக்குச் சங்கடம் குடுத்துட்டேன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு."

நான் டீயைக் குடித்து முடிக்கவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அறுபதை நெருங்கும்போது, ஒரு டீக்கடை பெஞ்சில்தான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. என் அற்பத்தனத்தை அவன் முறை என்று நினைத்திருக்கிறான். அதற்காக மூன்று வாரம் காலைச் சுட்டுக்கொண்டிருக்கிறான்.

குனிந்து அந்தச் செருப்பை எடுத்தேன்.

"பாய், பை தரவா?" என்றார் செல்வராசு.

வேண்டாம் என்றேன். கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் நடந்தேன். என் விசிலுக்குப் பயந்து முப்பது வருஷம் ஓடிய கண்டக்டர்களும் டிரைவர்களும் வேடிக்கை பார்த்தார்கள். கலியமூர்த்தி எதிரே வந்து சட்டென்று ஒதுங்கினார்.

"என்ன பாய், ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வர்றீங்க. யாரை அடிக்கப் போறீங்க?"

"என்னைத்தான்" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் வழிவிட்டார்.

மறுபடியும் வாசல்

நான் போய்ச் சேர்ந்தபோது திக்ர் ஆரம்பித்திருந்தது. செருப்புகளை எல்லாம் திருப்பினேன். கடைசியாக அவனுடையது. வாரிலிருந்த புழுதியை என் துண்டால் துடைத்தேன். அரியலூர் வரிசையில் முதல் இடத்தில், வாசலைப் பார்த்து வைத்தேன். என் தம்பி செருப்பு என் கையில் கனக்கவே இல்லை. இதற்கா அத்தனை வாரம் யோசித்தேன் என்றிருந்தது. அழுகை வந்தது. உள்ளே சத்தமாக ஓதிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அன்று கூடத்துக்குள் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து ஓதினேன். மஃரிப் தொழுகை மட்டும் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு முதல் ஆளாய் வெளியே வந்து நின்றேன்.

யூசுப் வந்தான். பார்வையைத் தாழ்த்தி வெறுங்காலோடு படியிறங்கப் போனவன் நின்றுவிட்டான். அவன் செருப்பு அவனைப் புறப்படச் சொல்லி நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஹஜ்ரத் எல்லோரையும் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார்.

"அண்ணே" என்றான். "நீங்க எதுக்குண்ணே இதையெல்லாம் தூக்கிக்கிட்டு…"

"மொத வாரம் நான் தொடாதது முறைக்காக இல்லடா. கோவத்துல" என்றேன். அவனிடம் உள்ளதைச் சொல்லாமல் இனி ஒரு வியாழன் என்னால் அங்கே உட்கார முடியாது. "அன்னிக்கு பஸ் ஸ்டாண்டுலயும் கோவம்தான். சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்ல. மனசுல வச்சுக்காத. ஏழு பத்துக்குத்தான் பஸ்ஸு. போட்டுக்கிட்டு மெதுவா வா."

அவன் போட்டுக்கொள்ளவில்லை. சுற்றுமுற்றும் எதையோ தேடினான். விளக்குமாற்றுக்குப் பின்னால் குனிந்தான். சுவரைப் பார்த்துக் கிடந்த என் செருப்பை எடுத்தான். கொண்டுவந்து தன்னுடையதற்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்து வைத்தான். அத்தனை மாதத்தில் யாரும் திருப்பாத செருப்பு. நான் குனியாமல் கால் நுழைத்தேன். இவ்வளவு சுகமா இது என்று அப்போதுதான் தெரிந்தது.

இருவரும் செல்வராசு கடை வரைக்கும் நடந்தோம். பெஞ்சில் உட்கார்ந்ததும் அவன் மஞ்சள் பையைத் திறந்தான். நிக்காஹ் பத்திரிகை. மேலே என் பெயர் எழுதி, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

"நாலு வாரமா கொண்டு வர்றேண்ணே. எப்ப வந்தாலும் நீங்க செருப்புக்கு நடுவுல உக்காந்திருக்கீங்க. அங்க வச்சு எப்பிடிப் பத்திரிகை குடுக்கறது? வூட்டுக்கு வரலாம்னா, சேத்துக்குவீங்களான்னு பயம். உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்கும் குடுக்கல."

"உங்க அண்ணியும் அதைத்தான் சொன்னா. எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு" என்றேன்.

அவன் சிரித்தான். சின்ன வயதில் சிரித்த மாதிரியே இருந்தது. செல்வராசு கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். ஆளுக்கு ஒரு வாய் குடிப்பதற்குள் அரியலூர் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து எங்கள் முன்னால் திரும்பியது. அவன் எழுந்திருக்கவில்லை. கடைக் கடிகாரத்தைப் பார்த்தான். ஏழு பதினாலு.

"நாலு நிமிஷம் லேட்டுண்ணே" என்றான். "எழுதலையா?"

"பேனா எடுத்துட்டு வரலடா."

பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவனும் அதைப் பார்த்தான்.